உதையும் எடையும்: எந்தக் கைத்துப்பாக்கி கைக்கு வசதி?

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் கைத்துப்பாக்கியைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வகையானவர்கள் காது கொடுப்பார்கள். ஒருவர் பனியன் கம்பெனி முதலாளி. சனிக்கிழமைதோறும் கூலி பட்டுவாடா நடக்கும் ஊர் இது. வங்கியிலிருந்து பணப்பையோடு கம்பெனிக்கு வந்துசேர வேண்டியிருந்த காலத்தில் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி உரிமம் தேடியவர்கள் உண்டு. இன்னொருவர், சுடுதலை விளையாட்டாகப் பழக நினைக்கும் இளைஞர். 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கங்கள் வென்றதும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் பெற்றதும் இந்த ஆர்வத்தைப் பெருக்கியிருக்கின்றன. இருவரும் கேட்பது ஒரே கேள்வி: எந்த ‘போர்’, அதாவது எந்தக் குழல் விட்டம், கைக்கு வசதி?

இதற்கு மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. போர் சிறியதாக இருந்தால் உதை குறைவு, ஆகவே சிறியதே வசதி என்பது முதலாவது. துப்பாக்கி இலேசாக இருந்தால் வசதி, முக்கியமாகப் பெண்களுக்கு என்பது இரண்டாவது. ஆபத்து வேளையில் உதையெல்லாம் தெரியாது, கிடைப்பதில் பெரியதை வாங்கிக்கொள்வதே புத்தி என்பது மூன்றாவது. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது தவறு. மூன்றாவது ஆபத்தானது. இந்த முடிவுக்கு வரக் காரணமான கணக்கையும் சான்றுகளையும் இங்கே ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன்.

எதை அளக்கிறோம்

வசதி என்பது ஆளுக்கு ஆள் மாறும் உணர்வு என்று சொல்லி நழுவிவிட முடியாது. உணர்வுக்கு அடியில் அளக்கக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன. சுட்டவுடன் துப்பாக்கி எவ்வளவு ஆற்றலோடு பின்னால் வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, குழல்முனை எவ்வளவு மேலே எழும்புகிறது, மறுபடி குறிக்குத் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பவை அவை. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கிறேன். ஐம்பது தோட்டா சுட்ட பிறகும் அந்தக் கை முதல் தோட்டாவுக்கு நின்றது போலவே நிற்கிறதா? ஒரே ஒரு தோட்டாவைச் சுட்டுவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பவரின் சாட்சியம் எடுபடாது. உதையின் தீங்கு, சுடச்சுடச் சேர்ந்துகொண்டே போகும் தீங்கு.

குண்டு பட்ட இடத்தில் என்ன செய்யும் என்பதை இந்த மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. அது வேறு அளவுகோல். இரண்டையும் ஒன்றாகக் கலப்பதால்தான் போர் பற்றிய பேச்சுகள் முடிவுக்கு வராமல் சுற்றுகின்றன.

போர் எண் மட்டும் போதாது

பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். குண்டும் வெடிவாயுவும் முன்னால் எவ்வளவு உந்தத்தோடு போகின்றனவோ அதே அளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும். அந்த உந்தத்தைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் உதையின் வேகம் கிடைக்கும். உந்தத்தின் வர்க்கத்தை எடையின் இரு மடங்கால் வகுத்தால் உதையின் ஆற்றல் கிடைக்கும். இதிலிருந்து இரண்டு உண்மைகள் வெளிப்படுகின்றன. உந்தம் இரட்டித்தால், அதே எடையுள்ள துப்பாக்கியில் உதையின் ஆற்றல் நான்கு மடங்காகும். தோட்டா மாறாமல் துப்பாக்கியின் எடை பாதியானால், உதையின் வேகமும் ஆற்றலும் இரட்டிக்கும்.

இந்தக் கணக்கில் போர் எண் எங்குமே நேராக வரவில்லை. போர் என்பது குழலின் விட்டம். .32 என்றால் ஓர் அங்குலத்தை நூறாக்கியதில் சுமார் 32 பங்கு, ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். நூல் கவுண்ட் எவ்வளவு என்று மட்டும் சொன்னால் எந்த நிட்டிங் மாஸ்டரும் துணியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமாட்டார். லூப் லென்த்தைக் கேட்பார், ஜி.எஸ்.எம். வெட்டி எடை பார்ப்பார். கைத்துப்பாக்கியிலும் அப்படியே. குண்டின் எடை, அது போகும் வேகம், துப்பாக்கியின் எடை ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் உதையைப் பற்றிப் பேச முடியும்.

அந்த மூன்றையும் வைத்து நான் போட்ட கணக்கு இது. தோட்டா தயாரிப்பையும் குழல் நீளத்தையும் பொறுத்து எண்கள் சற்று ஏறி இறங்கும். வரிசை மாறாது.

.22 லாங் ரைபிள், 1.1 கிலோ போட்டிப் பிஸ்டல்: உதையின் வேகம் நொடிக்கு 0.7 மீட்டர், ஆற்றல் 0.3 ஜூல்.

.32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், 1.2 கிலோ போட்டிப் பிஸ்டல்: 1.25 மீட்டர், 0.9 ஜூல்.

அதே .32 தோட்டா, 700 கிராம் ரிவால்வர்: 2.1 மீட்டர், 1.6 ஜூல்.

அதே .32 தோட்டா, 500 கிராம் ரிவால்வர்: 3 மீட்டர், 2.25 ஜூல்.

.22 தோட்டா, 250 கிராம் சிறு ரிவால்வர்: 2.8 மீட்டர், 1 ஜூல்.

9 மி.மீ. தோட்டா, 900 கிராம் ராணுவப் பிஸ்டல்: 3.3 மீட்டர், 5 ஜூல்.

.45 ஏ.சி.பி. தோட்டா, 1.1 கிலோ பிஸ்டல்: 3.8 மீட்டர், 8 ஜூல்.

.44 மேக்னம் 20 ஜூலுக்கு மேல் போய்விடும். அதை வசதி பற்றிய பேச்சில் சேர்க்க இடமில்லை.

முதல் வரியையும் ஐந்தாவது வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் .22தான். ஒன்றின் உதை 0.3 ஜூல், இன்னொன்றின் உதை அதைப்போல மூன்று மடங்கு. 250 கிராம் எடையுள்ள .22, 1.2 கிலோ எடையுள்ள .32 போட்டிப் பிஸ்டலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் கைக்குள் உதைக்கிறது. ‘போர் சிறியது, உதை குறைவு’ என்பதைப் பாதி உண்மை என்று சொன்னது இதனால்தான். ஒரே எடையுள்ள இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிடும்போது அது சரி. எடை மாறிய கணமே அது பொய்த்துவிடும்.

கணக்குக்குள் அடங்காதவை

எண்கள் முக்கால்வாசிக் கதையைச் சொல்கின்றன. மீதியைக் கைதான் சொல்ல வேண்டும்.

முதலில் குழலின் உயரம். உதை குழலின் நேர்க்கோட்டில் பின்னால் வருகிறது. கைப்பிடியோ அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. இடைவெளி கூடக்கூட, உதை பின்னால் தள்ளுவதோடு நிற்காமல் துப்பாக்கியை மேல்நோக்கித் திருப்பும். வழக்கமான ரிவால்வரில் தோட்டா உருளையின் மேல் அறைக்கு நேராகக் குழல் இருப்பதால் அது கைக்கு மேலே தூக்கலாக நிற்கிறது. ஆகவே உதை சிறியதானாலும் முனை எழும்புவது கண்ணுக்குத் தெரியும். போட்டிப் பிஸ்டல்களில் குழல் கையை ஒட்டித் தாழ்வாக அமைந்திருக்கிறது.

அடுத்தது இயக்கம். .32 ஏ.சி.பி. பிஸ்டல்கள் பெரும்பாலும் ப்ளோபேக் வகை. குழலோடு பூட்டப்படாத ஸ்லைடு வெடித்தவுடனே பின்னால் பாயும். அதனால் உதை சுருக்கென்று கடிக்கும். இந்திய ராணுவத்தின் 9 மி.மீ. பிஸ்டல், பிரவுனிங் ஹை பவர் வடிவத்தை ஒட்டி இச்சாப்பூரில் செய்யப்பட்டது. அதில் குழலும் ஸ்லைடும் சிறிது தூரம் பூட்டியபடியே ஒன்றாக நகர்ந்து பிறகு பிரிகின்றன. உதையின் மொத்த அளவு இதனால் குறைவதில்லை. ஆனால் அது சற்று நீண்ட நேரத்துக்குப் பரவுகிறது, கைக்கு அடியாகத் தெரியாமல் தள்ளலாகத் தெரிகிறது.

மூன்றாவது கைப்பிடி. அதே உதை அகலமான மரக் கைப்பிடியில் உள்ளங்கை முழுவதும் பரவும். மெலிந்த பிடியில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட மடிப்பில் மட்டும் இறங்கும். சுண்டுவிரல் பற்ற இடமில்லாத குட்டைப் பிடியில் துப்பாக்கி ஒவ்வொரு சூட்டுக்கும் கையில் நழுவி நகரும்.

நான்காவது ஓசை. தோட்டா துப்பாக்கி எதுவானாலும் காதைப் பாதுகாக்காமல் சுடக்கூடாது. குழல் குட்டையானால் வெடிப்பு முகத்துக்கு அருகே நிகழ்கிறது. புதிதாகச் சுடுகிறவர் உதை என்று நினைத்து அஞ்சுவதில் பாதி உண்மையில் இந்த ஓசையே. நல்ல காதுமூடி போட்டுவிட்டு அதே துப்பாக்கியைச் சுடச் சொன்னால் ‘உதை குறைந்துவிட்டது’ என்பார்.

இவை நான்கும் சேர்ந்து, சுடுகிறவர்களை ஆண்டுக்கணக்கில் ஆட்டிவைக்கும் ஒரு பழக்கத்தை உண்டாக்குகின்றன. விசை விழும் முன்பே கை முந்திக்கொண்டு கீழே தாழும், கண் மூடும். கடுமையான உதையில் பழகத் தொடங்கியவரிடம் இது மிக விரைவில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் போக்க மறுபடி .22க்கும், தோட்டா இல்லாமல் விசை இழுத்துப் பழகுவதற்கும்தான் திரும்ப வேண்டும்.

போட்டிக் களம் சொல்வது

பன்னாட்டுச் சுடுதல் கூட்டமைப்பின் விதிகளில் இந்தக் கேள்விக்கான நல்ல சோதனை ஒன்று தயாராகவே இருக்கிறது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரை எந்தப் போரும் பயன்படுத்தலாம். துப்பாக்கி 1,400 கிராமுக்கு மேல் போகக்கூடாது. 30 தோட்டா நிதானச் சூடு, 30 தோட்டா விரைவுச் சூடு. விரைவுச் சூட்டில் இலக்கு மூன்று நொடி மட்டுமே தெரியும். அதற்குள் கையைத் தூக்கி ஒரு தோட்டா சுட்டாக வேண்டும். இவ்வளவு தாராளமான வரம்பு இருந்தும், உலகத்தரச் சுடுநர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது அனுமதியின் அடிவிளிம்பை ஒட்டிய .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்கைத்தான். தாளில் சுத்தமான வட்டத் துளை விழுவதற்காக மூக்கைத் தட்டையாக்கிய குண்டு, மென்மையான வெடிமருந்து, 1.2 கிலோ அளவிலான துப்பாக்கி. பதக்கத்துக்காக ஆயிரக்கணக்கில் சுடுகிறவர்கள் தங்கள் கையால் அளித்திருக்கும் வாக்கு இது.

இந்த .32, .22ஐவிட எவ்வளவு பின்தங்கும்? 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா சென்டர் ஃபயர் பிரிவில் 600க்கு 590 எடுத்து அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார். அவரிடம் பயிற்சி பெற்ற மனு பாக்கர், பாரிஸில் .22 கொண்டு நடந்த 25 மீட்டர் பெண்கள் பிஸ்டல் தகுதிச் சுற்றில் எடுத்ததும் 590. இரண்டும் அதே அமைப்புள்ள 60 தோட்டாப் போட்டிகள். ஆள் வேறு, காலம் வேறு, களத்தின் நெருக்கடி வேறு. ஆகவே இரண்டு எண்களையும் சமமென்று வைத்துவிடவில்லை. ஆனாலும் ஒன்று உறுதி. கனமான துப்பாக்கியில் வைத்த .32, தேர்ந்த கையிடமிருந்து புள்ளிகளைப் பறித்துவிடுவதில்லை. என் கணக்கில் .22ஐப்போல மூன்று மடங்கு ஆற்றல் வரும் உதைதான் அது. ஆனால் 1 ஜூலுக்குக் கீழே இருக்கும்வரை பயிற்சி அதை விழுங்கிவிடுகிறது.

மறுபக்கச் சான்றும் இருக்கிறது. 25 மீட்டர் அதிவேகப் பிஸ்டல் போட்டியின் மிக விரைவான சுற்றுகளில் நான்கு நொடிக்குள் ஐந்து இலக்குகளில் ஐந்து தோட்டா சுட வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை அதில் .22 ஷார்ட் என்னும் இன்னும் மென்மையான தோட்டா அனுமதிக்கப்பட்டிருந்தது. அதன்பின் .22 லாங் ரைபிள் கட்டாயமானது, விசையின் எடையும் 1,000 கிராமாக உயர்த்தப்பட்டது. புதிய விதியில் புள்ளிகள் இறங்கின, சாதனைப் பட்டியல் புதிதாகத் தொடங்கியது. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்றது இந்தக் கடினமான விதியின் கீழ்தான். விசை மாற்றமும் சேர்ந்திருப்பதால் முழுப் பழியையும் உதை மேல் போட முடியாது. ஆனால் அடுத்தடுத்துச் சுட வேண்டிய நிலையில் உதையின் சிறு வித்தியாசமும் கணக்கில் வருகிறது என்பதை அது காட்டுகிறது. ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் இடையே நேரம் இருந்தால் உதை பொறுக்கும். நேரம் இல்லையென்றால் பொறுக்காது.

படைகளும் காவலர்களும் கற்ற பாடம்

பெரிய போரின் பக்கம் நின்று வாதிடுகிறவர்கள் ராணுவங்களின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படை சுமந்தது .455 வெப்லி. 17 கிராம் ஈயக் குண்டு, 1.1 கிலோ ரிவால்வர். நீண்டகாலம் பழகிய படைவீரனுக்கு அது நல்ல ஆயுதம். அவசரமாகச் சேர்த்து, குறைந்த பயிற்சியோடு களத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அது கட்டுப்படவில்லை. போருக்குப் பின் அதை விட்டுவிட்டு .38 அளவுக்கு இறங்கினார்கள். 1932இல் என்ஃபீல்டு நம்பர் 2 ரிவால்வர் ஏற்கப்பட்டது.

அவர்கள் அதோடு துப்பாக்கியின் எடையையும் 780 கிராம் அளவுக்குக் குறைத்தார்கள். என் கணக்கில் உதையின் ஆற்றல் ஏறக்குறைய 6 ஜூலிலிருந்து 5 ஜூலுக்கும் கீழே இறங்கியது. உதையின் வேகமோ கிட்டத்தட்ட பழைய அளவிலேயே நின்றது. தோட்டாவைச் சிறிதாக்கியதால் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதியை எடைக்குறைப்பு தின்றுவிட்டது. பழைய கனத்தையே வைத்திருந்தால் இன்னும் சாதுவான கருவி கிடைத்திருக்கும்.

அமெரிக்காவில் இதே வட்டம் இன்னொரு முறை சுற்றியது. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். தோட்டாவின் வலிமை போதவில்லை என்ற முடிவோடு 10 மி.மீ. போருக்குப் போனார்கள். உதை தாங்காமல் அதன் வேகத்தைக் குறைத்தார்கள், பிறகு .40க்கு இறங்கினார்கள். 2014இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு 9 மி.மீ.க்கே திரும்புவதை ஆதரித்து அறிக்கை எழுதியது. பெரும்பாலான அதிகாரிகள் 9 மி.மீ.யில் விரைவாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பது அதில் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. சம்பளம் கொடுத்து, தோட்டா கொடுத்து, ஆண்டு முழுவதும் பயிற்சி அளிக்கப்படும் கைகளுக்கே பெரிய போர் சுமையானது. ஆண்டில் ஒருமுறை பெட்டியைத் திறக்கும் கைக்கு அது என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

நம் சந்தையில் உள்ளவை

இந்தியக் குடிமக்களுக்கு இந்த விவாதத்தின் பெரும்பகுதி சட்டத்தாலேயே முடிந்துவிட்டது. ஆயுதச் சட்டத்தின்படி 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட போர். சாதாரண உரிமத்தில் அது வராது. ஆகவே நம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் .22, .32 ஆகிய இரண்டே. .32இலும் இரண்டு கிளைகள். ரிவால்வருக்கான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் ஒன்று, பிஸ்டலுக்கான ஏ.சி.பி. இன்னொன்று. குண்டு எடையும் வேகமும் வேறானாலும் இரண்டின் உந்தமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இங்கேதான் இரண்டாவது வாதத்தைச் சந்திக்க வேண்டும். 2014 ஜனவரியில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பின், பெண்களின் தற்காப்புக்கென்று முன்னிறுத்தப்பட்ட துப்பாக்கி அது. டைட்டானியம் கலந்த உடல், எடை சுமார் 500 கிராம், அப்போதைய விலை ₹1.22 லட்சம் அளவில். இலேசானது, கைப்பைக்குள் அடங்கும் என்பதே அதன் பெருமை. அதன் பின்னர் வந்த ‘நிடர்’ என்ற .22 ரிவால்வர் 250 கிராம்.

சுமப்பவருக்கு இலேசு நல்லதுதான், அதை மறுக்கவில்லை. துப்பாக்கி வருடக்கணக்கில் சுமக்கப்படுகிறது, நொடிக்கணக்கில்தான் சுடப்படுகிறது என்ற வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் சுமக்கும் வசதியைச் சுடும் வசதியாக விற்கும்போது உண்மை புரட்டப்படுகிறது. 700 கிராம் ரிவால்வரிலிருந்து 500 கிராமுக்கு இறங்கினால், அதே தோட்டாவுக்கு உதையின் வேகமும் ஆற்றலும் 40 விழுக்காடு ஏறும். ஆறு தோட்டா நிரப்பிய எடையை எடுத்துக்கொண்டாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். நொடிக்கு 3 மீட்டர் என்ற அதன் உதைவேகம், ராணுவத்தின் 9 மி.மீ. பிஸ்டலின் 3.3 மீட்டரை நெருங்கி நிற்கிறது. ஆற்றலில் பாதிக்கும் குறைவு என்பதால் கை ஒடிந்துவிடாது. ஆனால் 9 மி.மீ.யின் வலிமை இல்லாமலே அதன் சுருக்கென்ற கடியை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உள்ளங்கை சிறியவர்களுக்கும், சுட்டுப் பழகாதவர்களுக்கும் எடைதான் உதவி. அதைப் பிடுங்கிக்கொண்டு கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தையல் தொழிலாளிப் பெண்ணின் பாதுகாப்பை ஒன்றே கால் லட்ச ரூபாய்த் துப்பாக்கியில் தேடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருக்குத் தேவை கம்பெனி வண்டி, தெருவிளக்கு, அழைத்தால் வரும் காவல்துறை. துப்பாக்கி வாங்கும் வசதியுள்ள பெண்ணுக்கும் இலேசான துப்பாக்கியைச் சிபாரிசு செய்வது தவறான சிபாரிசு.

2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ வந்தது. ஆயுதத் தொழிற்சாலைகள் 2021இல் தனித்தனி அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பின், திருச்சித் தொழிற்சாலையையும் உள்ளடக்கிய ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நிறுவனத்தின் கான்பூர்த் தொழிற்சாலை செய்த .32 ரிவால்வர் இது. எடை 700 கிராம், குழல் 76 மி.மீ., உருளை பக்கவாட்டில் திறக்கும். எடையைக் குறைத்துக் காட்டும் போட்டியில் இறங்காமல் 700 கிராமில் நின்றது சரியான முடிவு. சுடுகிறவரின் கைக்கு இதுவே நேர்மையான வடிவம்.

.32 ஏ.சி.பி. பிஸ்டலா, .32 ரிவால்வரா என்றால், எடை ஒத்திருக்கும்வரை உதையில் பெரிய வித்தியாசமில்லை. பிஸ்டலில் கடி அதிகம், முனை எழும்புதல் குறைவு. ரிவால்வரில் நேர்மாறு. ஒன்று மட்டும் ரிவால்வருக்குச் சாதகம். அதன் கைப்பிடியை மாற்றலாம். கைக்கு ஏற்ற பருத்த மரப்பிடி போட்டால் உதையின் கடுமை கணிசமாக அடங்கும். அதே சமயம், சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் நேரடியாகச் சுடும்போது ரிவால்வரின் கனமான விசை குறியைக் கலைக்கும். உதையால் தவறியது என்று நினைக்கும் சூடுகளில் பல உண்மையில் விசையால் தவறியவை. ஆகவே இந்த இரண்டுக்கும் இடையில் தீர்ப்பு சமம்.

பழக்கம் என்ற எடை

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் மிஞ்சும் காரணி ஒன்று உண்டு, அது பழக்கம். உரிமத்தில் ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது எழுதப்பட்டிருக்கும். விலையும் கூடுதல். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி மட்டுமே. இந்தக் கட்டுப்பாடுகள் தேவை என்றே கருதுகிறேன். ஆனால் இவற்றின் விளைவு, உரிமதாரரில் பலரும் தம் துப்பாக்கியின் உதையை அறியாமலே அதை வைத்திருக்கிறார்கள் என்பது. அப்படிப்பட்டவருக்கு .22 கூட அந்நியம்.

மூன்றாவது வாதம் இங்கே உடைகிறது. ஆபத்து வேளையில் உதை தெரியாது என்பது உடலளவில் உண்மையாகவே இருக்கலாம். படபடப்பில் வலி மறக்கும். ஆனால் உதையின் கெடுதல் ஆபத்து வேளையில் நிகழ்வதில்லை, அதற்கு முன்பே பயிற்சியில் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. கை முந்தித் தாழும் பழக்கம் அங்கே படிந்துவிடும். வலிக்கும் துப்பாக்கியை யாரும் விரும்பி எடுத்துப் பழகமாட்டார்கள் என்பதும் உண்மை. பழகாத கை ஆபத்தில் விசையை இழுத்தால், குண்டு யார்மீது படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஜன நெருக்கமுள்ள காதர்பேட்டை போன்ற தெருக்களில் குறி தவறுவது என்பது வழிப்போக்கரின் உயிர்.

தீர்ப்பு

பழகத் தொடங்குகிறவர் தோட்டாத் துப்பாக்கியில் தொடங்க வேண்டியதில்லை. 20 ஜூலுக்கு மேற்படாத 4.5 மி.மீ. காற்றுப் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டாம், உதையும் இல்லையென்றே சொல்லலாம். விசையும் மூச்சும் நிற்கும் முறையும் அதில் படிந்த பின் .22 போட்டிப் பிஸ்டலுக்குப் போவதே முறை. எல்லா அளவுகோல்களிலும் முதலிடம் இந்த .22க்கே. ஆனால் ஒரு கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியில் வைத்த .22க்கு மட்டுமே அந்த இடம்.

இரண்டாமிடம், 1.2 கிலோ போட்டிப் பிஸ்டலில் வைத்த .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். உதை கூடுதல் என்றாலும் தேர்ந்த கைக்குத் தடையில்லை என்பதற்குப் போட்டிக் களமே சான்று.

உரிமத் துப்பாக்கிகளில் 700 கிராம் அளவிலான .32 ரிவால்வர், கைக்குப் பொருந்தும் பிடியோடு, ஏற்கத்தக்கது. 500 கிராம் ரிவால்வரும் 250 கிராம் .22ம் சுமப்பதற்கு எளியவை, சுடுவதற்குக் கடினமானவை. புதியவர்களுக்கும், ‘இலேசானது உங்களுக்கு வசதி’ என்று சொல்லி விற்கப்படும் பெண்களுக்கும் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். 9 மி.மீ., வலிமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையே நல்ல சமநிலை. அது பயிற்சி பெற்ற காவலர் கையில் இருப்பதே பொருத்தம். .45ம் அதற்கு மேலும் வசதி என்ற சொல்லுக்கு வெளியே நிற்கின்றன.

தற்காப்புக்கென்று வாங்க நினைக்கும் திருப்பூர்க்காரருக்கு ஒரு வார்த்தை. மாதம் ஒருமுறையாவது சுடுதளத்துக்குப் போய்ப் பழகும் எண்ணமில்லையென்றால் மனுவே போட வேண்டாம். கூலியை வங்கிக் கணக்கில் செலுத்த வழி இருக்கும் இன்று, பணப்பையைக் காக்கத் துப்பாக்கி என்ற பழைய காரணமும் தேய்ந்துவிட்டது. விளையாட்டுக்கென்று வருகிறவரை மனதார வரவேற்கிறேன். அவரிடம் கேட்பது ஒன்றே: கடைக்காரர் சொல்லும் போர் எண்ணைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். துப்பாக்கியைத் தராசில் வைத்து எடை பாருங்கள், பிடி உள்ளங்கையை நிரப்புகிறதா என்று பாருங்கள், அதே வகையில் ஐம்பது தோட்டா சுட்டுப் பாருங்கள். ஐம்பதாவது தோட்டாவிலும் கை தாழாமல் நின்றால் அதை வாங்கலாம்.